கடைசி வரிசைக்குப் பேசு

சனிக்கிழமை ஏழே காலுக்கு
ராமநாதபுரத்தில் பேருந்து ஏறுவேன்.
மடியில் சுருட்டிய சார்ட் தாள்கள்,
காலடியில் பிஸ்கட் பொட்டலங்கள்.
உச்சிப்புளி தாண்டுவதற்குள்
தாளின் ஓரங்கள் நமுத்துவிடும்.

பதினோரு வருடம்.
ஓரியூர், மூக்கையூர், மண்டபம், தங்கச்சிமடம்.
பங்குச் சாமியார் காட்டுகிற இடம் வகுப்பறை.
ஒருமுறை ஐஸ் கம்பெனியின் முன்கூடம்;
விறைத்த கால்களை உதறிக்கொண்டே
பணிவிடைத் தலைமை பற்றிப் படித்தோம்.

தங்கச்சிமடத்தில்தான் பெர்க்மான்ஸ் வந்தான்.
விசைப்படகில் வலை இழுக்கிறவன்.
பெயரைக் கேட்டால் தரையிடம் சொன்னான்.
எழுந்து நில், என்றேன்.
காலை அகட்டி ஊன்று, அலையில் நிற்கிற மாதிரி.
மூச்சை வயிற்றிலிருந்து எடு.
முன்வரிசை எப்படியும் கேட்கும்.
நீ கடைசி வரிசைக்குப் பேசு.

ஆறாம் சனிக்கிழமை
ஆண்டவர் பாதம் கழுவும் பகுதியை வாசித்தான்.
வெளியே மீன் அலசிக்கொண்டிருந்தவள்
கையை நிறுத்தி நிமிர்ந்தாள்.
அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை,
சந்தோஷத்தில்.
அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

இந்தத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு
ஊர்க்கூட்டம். நான் சும்மா போனவள்.
நீல நாற்காலி, கடைசி வரிசை.
பாசி எடுக்கும் பெண்கள் நாற்பது பேர்
காயப்போட மணல் கேட்டார்கள்,
இறங்குதளத்துக்கு வடக்கே
படகு ஏற்றாத ஒரு துண்டு.
எமரன்சியா எழுந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியை
அவிழ்க்க மறந்து வந்திருந்தாள்.
"மாசத்துல பன்னெண்டு நாளுதான் எங்களுக்குக் கடலு.
அந்தப் பன்னெண்டு நாளைக்கு மட்டும்…"

கமிட்டிச் செயலாளர் எழுந்தார்.
கால்கள் அகன்று ஊன்றின.
"அம்மா, உங்க கருத்துக்கு நன்றி."
(மறுக்கும் முன் நன்றி சொல். மூன்றாம் பாடம்.)
"முடிவெடுத்த பின் தயங்குகிற தலைவன்
படகைச் சுழலில் விடுகிறான்."
ஐந்தாம் பாடம்.
ஒரு சொல் மாறவில்லை.
பிசிறில்லாத குரல்.
எனக்கு நன்றாகக் கேட்டது.

கைதட்டினார்கள்.
என் கையும் ஒருமுறை தட்டிவிட்டது,
பழக்கத்தில்.
எமரன்சியா எப்போது உட்கார்ந்தாள்
என்று நான் பார்க்கவில்லை.

பெர்க்மான்ஸ் டீயோடு வந்தான்.
"எப்படிப் பேசினேன் டீச்சர்?"
"குரல் நல்லா இருந்தது" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
சேவல் எதுவும் கூவவில்லை, சாயங்காலம் நாலு மணி.
ஐஸ் லாரி ஒன்று பின்னால் வருவதற்கு
கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பேருந்து நின்றது.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல்,
எந்தப் பக்கமும் பார்க்கத் தோன்றவில்லை.
ஆயிரத்து நூற்று நாற்பது சான்றிதழ்,
அத்தனையிலும் என் கையெழுத்து.
பீரோவில் பதினேழு பொன்னாடை.
பாதம் கழுவும் நாடகம் நடத்தும்போதெல்லாம்
சொம்பு என் கையில்தான்.
நான் ஒருநாளும் செருப்பைக் கழற்றி
அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

எமரன்சியா வீட்டுக்கு இன்னும் போகவில்லை.
பாசி நாட்கள் முடியட்டும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆண்டவரே.
நீர் நம்ப வேண்டாம்.

நேற்று மண்டபம். ஐந்தாம் பாடம்.
அந்த வரியைச் சிவப்பு ஸ்கெட்சால் அடித்திருந்தேன்.
ஈரத் தாளில் சிவப்பு பரவி
எழுத்துகள் முன்னைவிடத் தெளிவாக நின்றன.
வாசிக்க எழுந்த பெண்
அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.
"அடிச்ச வரியையும் வாசிக்கவா டீச்சர்?"

மின்விசிறி நின்றிருந்தது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாசி, என்றேன்.
பிஸ்கட் டப்பாவை நகர்த்திவிட்டு
பின்னால் போய் உட்கார்ந்தேன்.